ஜன்னலைத் தேய்ப்பதற்கு முன்

அன்புள்ள கணேசா,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாயாம், கூலி மிச்சம் பிடிக்க ஜன்னலையும் கிரில்லையும் நீயே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போகிறாயாம். பாபு சொன்னான். உன் கஞ்சத்தனம் ஊரறிந்ததுதான். ஆனால் பேத்தி தவழ்கிற வீடுடா அது.

சுவர்ச் சுண்ணாம்பு பரவாயில்லை. வில்லங்கம் எனாமலில், அதிலும் உங்கப்பாவுக்குப் பிடித்த அந்த மஞ்சளில். வீட்டுப் பெயிண்டில் ஈயம், அதாவது காரீயம், பத்து லட்சத்தில் 90 பங்கை (90 பிபிஎம்) தாண்டக்கூடாது என்ற விதி இங்கே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு ஒட்டியிருக்கும்வரை சும்மா கிடக்கும். ஈரமில்லாமல் தேய்த்தால் மாவாகித் தரையில் படியும். அதில் ஊன்றிய கை அடுத்த நிமிடம் வாய்க்குப் போகும். வாய்க்குள் போகும் ஈயத்தில் நம் உடம்பு பிடித்துவைப்பதைப் போல நாலைந்து மடங்கைக் குழந்தையின் உடம்பு பிடித்துவைக்கும். இரும்புச்சத்து குறைந்திருந்தால் இன்னும் கூடும். பேத்தி மண் தின்கிறாள் என்றாயே, அது இரும்புச்சத்துக் குறைவாலும் இருக்கலாம், அதனால் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடு.

உரியாத இடத்தைத் தொடாதே. ஈரத்துணியால் துடைத்துப் பிரைமர் அடி, போதும். உரிந்த இடத்துக்கும், கதவும் சட்டமும் உரசுகிற விளிம்புக்கும் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்), கூடவே தண்ணீர் ஸ்பிரே. மெஷின் வேண்டாம், நெருப்பால் சுடவே கூடாது. கீழே பிளாஸ்டிக் ஷீட் விரி. முடிந்ததும் உதறாமல் உள்பக்கமாக மடித்துக் கட்டு. துடைப்பம் எடுக்காதே, தூசி கிளம்பும். தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை ஈரத்துணி போடு. அந்தத் தண்ணீர் முருங்கைக்குப் போகவேண்டாம். வேலைசெய்த சட்டையோடு பேத்தியைத் தூக்காதே. எல்லாம் முடியும்வரை அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும்.

வாந்தி, வயிற்றுவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. குறைந்த அளவில் வெளியே எதுவும் தெரியாது, பள்ளிக்கூடம் போனபிறகு படிப்பிலும் கவனத்திலும்தான் தெரியும். சந்தேகமிருந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயத்தை வெளியேற்றும் மருந்து 45 வாக்கில்தான். அதற்குக் கீழே, வருகிற வழியை அடைப்பதுதான் வைத்தியம்.

இன்னொன்று, உன் வீட்டு அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்: திருவிழாக் கடையில் வாங்கிய அந்த ஈயச்சொம்பு சுத்த வெள்ளீயம்தானா என்று யாருக்கும் தெரியாது. காரீயம் கலந்திருந்தால் புளி அதை ரசத்தில் இறக்கிவிடும். பேத்திக்கு எவர்சில்வரில் வைத்த ரசத்தையே ஊட்டட்டும்.

அன்புடன்,
ராமு