வலித்த இடத்தில் ஒன்றுமில்லை

பாளையங்கோட்டை,
ஆனி 10

அன்புள்ள மும்தாஜ்,

சித்திரையில் எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. தேரோட்டமே நெருங்கிவிட்டது. திட்டு, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. அத்தை சுகம். வீட்டுக்காரர் துபாயிலிருந்து வாரம் தவறாமல் பேசுகிறார். பெரியவள் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். ரோஸ்மேரி டீச்சர் உன்னை விசாரித்தார்கள், இன்னும் ஜன்னலோர பெஞ்சுக்குத்தான் சண்டை போடுகிறாளா என்று. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து வெயிலில் நடந்து வந்தேன். வாசல்படி ஏறும்போது இடது கண் மங்கிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் குங்குமம் வெளுத்துப்போய் காவியாகத் தெரிந்ததே, அதே கண். பையை அப்படியே போட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். அரைமணி நேரத்தில் தெளிந்தது. ஆனால் அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை ஏட்டி. எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்) என்ற இந்த நரம்பு நோய் மறுபடி கண்ணைத் தாக்கிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டர் பதறவில்லை. நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறை இந்த நோயில் தேய்ந்துவிடும்; அப்படித் தேய்ந்த நரம்பு உடம்பு சூடானால் தடுமாறும், குளிர்ந்தால் சரியாகிவிடும். கண் இப்படிக் கொஞ்ச நேரம் மங்கித் தெளிவதை உத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே எழுதி வைத்திருக்கிறார் என்றார். "இருந்தாலும் எம்ஆர்ஐ எடுத்துவிடுவோம், போன வருஷமும் நீங்கள் எடுக்கவில்லையே" என்றார்.

அவர் சொன்ன மாதிரியே கண் நரம்பில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் மூளைக்கு நடுவே நீர் நிற்கும் அறைகளை ஒட்டி, வலது பக்கம், இந்த நோய் உண்டாக்கிய புண் ஒன்று, ஒரு புதுப் புள்ளியாக. நான்கு மில்லிமீட்டர். அது வந்த அன்று எனக்கு ஒரு தலைவலிகூட இருந்திருக்காது!

பழைய படத்தையும் புதுப் படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஃப்ளேர் என்று ஒரு வகைப் படம். அதில் நீரெல்லாம் கறுத்துவிடும், புள்ளிகள் வெள்ளையாகத் துலங்கும். அறைச் சுவரிலிருந்து விரல் நீட்டிய மாதிரி நிற்கின்றன. அவற்றுக்கு டாசன் விரல்கள் என்றே பெயராம். 1916-ல் விவரித்தவரின் பெயர். இப்படிச் சத்தமில்லாமல் வரும் புள்ளிகள், நமக்குத் தெரிந்து வரும் தாக்குதல்களைவிடப் பல மடங்கு அதிகம் என்றார். காடோலினியம் ஊசி இந்த முறை போடவில்லை. புண் புதுசாக இருக்கும் சில வாரங்கள்தான் அந்த மருந்தில் அது ஒளிரும். மருந்து கொஞ்சம் மூளையிலேயே தங்கிவிடுவதால் ஒவ்வொரு தடவையும் போடுவதில்லையாம். ஒப்பிட நல்ல பழைய படம் இருந்தால் போதும் என்றார்.

அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் காசு குறைவு என்று வேறொரு சென்டரில் எடுத்தேன் அல்லவா? அதில் ஒவ்வொரு வெட்டும் ஐந்து மில்லிமீட்டர். இந்தப் புள்ளி இரண்டு வெட்டுக்கு நடுவில் ஒளிந்திருந்தாலும் தெரியாது. எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்க வேண்டுமென்று அன்று எனக்குத் தெரியாது, அவர்களும் சொல்லவில்லை. போன வருடம், "நல்லாத்தானே இருக்கே, எதுக்கு அந்தக் குகைக்குள்ள போறே" என்று நீ கேட்டாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் புள்ளி எப்போது வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இனிமேல் ஒரே மெஷின், ஒரே முறை, மூன்று மில்லிமீட்டர் வெட்டு. நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்.

மாத்திரை போதவில்லை என்று ஊசி மருந்துக்கு மாற்றுகிறார். ஆறு மாதம் கழித்து ஒரு படம் எடுக்க வேண்டும். புது மருந்து வேலை செய்கிறதா என்பதை அதற்குப் பிறகு வரும் படங்களை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்களாம்.

இந்தத் தடவை தனியாகத்தான் போனேன். கம்மல், மெட்டி, ஹேர்பின் எல்லாம் கழற்றி, கடைசியில் தாலிக்கொடியையும் கழற்றி, அத்தை கொடுத்துவிட்ட மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு படுத்தேன். உள்ளே வீரவநல்லூர் தறி மாதிரி சத்தம். ஆபத்துக்கு அழுத்தச் சொல்லிக் கையில் கொடுத்த ரப்பர் பந்தைப் பிடித்தபடி, வெளியே லாக்கரில் கிடக்கும் கொடியையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை அது உன் முந்தானை முடிச்சில் இருந்தது.

மார்கழியில் அடுத்த ஸ்கேன். லீவு போட்டுவிட்டு வா.

உன்,
பார்வதி