குழந்தைகளின் அசைவுத் திறன் பரிசோதனை: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

கை கால் அசைவிலும் உடல் ஒருங்கிணைப்பிலும் சிரமப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்காக, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் அடுத்த வாரம் நம் பள்ளிக்கு வருகிறார்கள். 1 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அவர்கள் பார்ப்பார்கள்.

வாய்க்கணக்கில் எல்லோருக்கும் முன்பாக விடை சொல்லும் பிள்ளை, நோட்டில் இரண்டு வரி எழுதுவதற்குள் அழுத்தம் தாங்காமல் தாள் கிழிந்து, கை வலிக்கிறது என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுவதை நம் வகுப்பறைகளில் பார்க்கிறோம். அது சோம்பேறித்தனம் அன்று. அறிவுக் குறைவும் அன்று. 5 முதல் 11 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இத்தகைய ஒருங்கிணைப்புக் குறைபாடு இருப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இவர்களை அடிப்பதாலோ, நொண்டியாட்டத்தில் சேர்க்காமல் ஓரமாக உட்கார வைப்பதாலோ எந்தப் பயனும் இல்லை.

மணி கோர்ப்பது, கோட்டின் மீது நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, பந்தை எறிந்து பிடிப்பது போன்றவற்றைச் செய்யச் சொல்லி, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இது தேர்வு இல்லை என்பதால், வீட்டில் முன்கூட்டியே பழக்கி அனுப்ப வேண்டாம். பழக்கி அனுப்பினால் உண்மையான சிரமம் வெளியே தெரியாமல் போய்விடும். பார்வைக் குறையாலும் தடுமாற்றம் வரக்கூடும் என்பதால், கண்ணாடி அணியும் பிள்ளைகள் அதை அணிந்தே வரட்டும்.

சோறு பிசைந்து சிந்தாமல் உண்கிறார்களா, சட்டைப் பொத்தானைத் தாமே போடுகிறார்களா, எந்த வயதில் நடக்கத் தொடங்கினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அவற்றை எழுதியோ நேரிலோ தெரிவியுங்கள். பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் ஷிப்டு போகிறவர்களுக்காக அந்த நாட்களில் மாலை ஆறரை மணி வரை பள்ளியில் இருப்பேன். தாத்தா பாட்டியான அப்பச்சியோ அம்மாயியோ வந்தாலும் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முன்பு நன்றாக ஓடிய பிள்ளை இப்போது அடிக்கடி விழுந்தாலோ, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுந்தாலோ, பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேல்சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளை, 18 வயது வரை இலவசமாகப் பார்க்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்குப் பரிந்துரைப்போம். முடிவுகளை உங்களிடம் மட்டுமே தெரிவிப்போம். இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
காங்கேயம் வட்டாரம்