குளுக்கோமாவுக்கு ‘பி3’ கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பார்வை நரம்பு மெல்லப் பழுதாகும் கண்நோயான குளுக்கோமாவை விற்றமின் பி3 தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி முழுப்பொய் அல்ல, அதுதான் சிக்கல். 2017இல் பி3இன் ஒரு வடிவமான நிக்கோட்டினமைட் எலிகளின் பார்வை நரம்புக் கலங்களைக் காத்தது. 2019இல் பிரான்சிய ஆய்வொன்று, குளுக்கோமா உள்ளவர்களின் இரத்தத்தில் அது சராசரியாகக் குறைந்திருப்பதைக் கண்டது. 2020இல் அவுஸ்திரேலியாவில் 57 பேருக்கு 6 வாரம் தினமும் 1.5 கிராம், அடுத்த 6 வாரம் 3 கிராம் கொடுத்தபோது சிலரது விழித்திரைச் செயற்பாடு மேம்பட்டது. அவர்கள் கண் அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சையையும் தொடர்ந்தவர்கள். பார்வை இழப்பு மெதுவாகுமா என்பதை மூன்று மாத ஆய்வு சொல்லாது. அதற்காகத்தான் சுவீடனிலும் பிரித்தானியாவிலும் நீண்ட ஆய்வுகள் தொடங்கப்பட்டன.

‘இரத்தத்தில் பி3 பார்ப்போம்’ என்று ஆய்வுகூடத்துக்குப் போவது வீண்செலவு. குறைவு என்பது குழுச் சராசரி. நோயுள்ளவர், இல்லாதவர் அளவுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. முந்தினநாள் போட்ட குளிசையே அளவை மாற்றிவிடும்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பாமசியில் வாங்குமுன் லேபலை வாசியுங்கள். நிக்கோட்டினமைட், நியாசினமைட் இரண்டும் ஒன்றே. வெறும் ‘நியாசின்’ என்றிருந்தால் பெரும்பாலும் நிக்கோட்டினிக் அமிலம்: முகம் சிவந்து எரியும், சீனி ஏறும், அரிதாக விழித்திரை நடுவே வீக்கமும் வரும். ‘நோ ஃபிளஷ்’ என்று விற்பது பெரும்பாலும் வேறொரு சேர்வை.

பி கொம்பிளெக்ஸை அள்ளிப் போடுவது இன்னும் மோசம். ஒரு குளிசையில் பி3 50 மில்லிகிராம் என்றால் 3 கிராமுக்கு 60 குளிசை வேண்டும். ஒவ்வொன்றிலும் 5 மில்லிகிராம் பி6 இருந்தால் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம்; மாதக்கணக்கில் அது நரம்பைக் கெடுக்கும். நீரிழிவுக்காரர் அதனால் வரும் கால் விறைப்பைச் சீனியின் வேலை என்றே நினைப்பார்.

பி3இன் ஒரு நாளைய தேவை 14 முதல் 16 மில்லிகிராம்தான். 3 கிராம் என்பது ஏறத்தாழ 200 மடங்கு, அதாவது மருந்து அளவு. குமட்டல், வயிற்றோட்டம் சாதாரணம். ஈரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. ஈரல் நோயுள்ளவர், மது அருந்துபவர், மெதொட்ரெக்ஸேட் அல்லது காசநோய் மருந்து எடுப்பவர் தாமாகத் தொடவே கூடாது. மற்றவர்களும் ஈரலின் நிலையைக் காட்டும் ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. இரத்தப் பரிசோதனையைத் தொடங்குமுன்னும் பிறகு இடைக்கிடையும் செய்யவேண்டும், அதுவும் கண் வைத்தியர் சம்மதித்தால்.

எது செய்தாலும் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். கண் அழுத்தத்தைக் குறைப்பது ஒன்றே இன்றுவரை நிரூபிக்கப்பட்ட சிகிச்சை, பி3 அழுத்தத்தைக் குறைப்பதில்லை. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வாங்கிய போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

மருந்தாளர் ஒருவர்,
கொழும்பு - 06