நடைக் கழகம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, சந்தா செலுத்திய உறுப்பினர்களே, இனிச் செலுத்தவிருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டு அறிக்கை நீண்டுவிட்டது என்று சிலர் குறைப்பட்டார்கள். ஆகவே வழமையான நிகழ்வுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சனவரியில் பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. யூலையில் கோடை ஒன்றுகூடல்; கொத்து ரொட்டி போதவில்லை. ஒக்டோபரில் இலையுதிர்கால நடைக்கு 26 பேர் வந்தார்கள். நிர்வாகக் குழு ஒன்பது முறை கூட வேண்டியது, ஐந்து முறை கூடியது. மிகுதி நான்கு முறையும் நானும் பொருளாளரும் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

மார்ச் மாதம் பஸ் பிடித்து மேப்பிள் மரங்களின் இனிப்பு நீரைப் பாகாகக் காய்ச்சுமிடத்துக்குப் போனோம். இரவில் உறைந்து பகலில் உருகும் சில வாரங்களில்தான் அந்த மரங்களிலிருந்து நீர் எடுக்க முடியும். ஏறத்தாழ நாற்பது லீற்றர் காய்ச்சினால்தான் ஒரு லீற்றர் பாகு. கொட்டிலுக்குள் ஆவி முகத்தில் அடித்ததும் எங்கள் மூத்த உறுப்பினரான அம்மா ஒருவர் கண்களை மூடிக்கொண்டு, "இது கருப்பநீர் காய்ச்சுகிற மணமல்லவா" என்றார். அதன்பின் அரை மணி நேரம் பனங்கட்டிக் கதைதான். வழிகாட்டியாக வந்த பெண் புன்னகையோடு காத்திருந்தார்.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

இளவேனில் நடையும் பூக்குறிப்பேடும் என்னுடைய சொந்த விருப்பத்துக்காகக் கழகத்தின் தலையில் கட்டப்பட்டவை என்று ஒரு பேச்சு உலவுகிறது. முதற்பாதி உண்மை. கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவை மிருகக்காட்சிச்சாலைக்குப் போகிற வழி என்று மட்டும் அறிந்திருந்தவன் நான். 79 சதுர கிலோமீற்றர் காடும் வயலும் சதுப்பும். நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும் காட்டுப் பூக்களுக்கு ஓர் அவசரம் உண்டு. மேலே மரங்கள் இலை விரித்துவிட்டால் நிலத்தில் வெயில் விழாது. அதற்குள் முளைத்து, பூத்து, காய்த்து முடிக்க வேண்டும். "யூனில் வெயில் வரட்டும், அப்போது வருகிறேன்" என்று சொல்பவர்களுக்காக அவை காத்திருப்பதில்லை. ஆகவேதான் எந்தப் பூ எந்த நாளில் முதலில் கண்ணில் பட்டது என்று ஒரு குறிப்பேடு தொடங்கினேன்.

ஏப்ரல் 19, பெரிய சனிக்கிழமை. காலை 9.30க்கு அந்தப் பூங்காவின் மாஸ்ட் பாதையில் நடை, 11.30க்குப் புல்வெளியில் உயிர்த்த ஞாயிற்றுச் சிற்றுண்டி என்று அறிவித்திருந்தோம். நடைக்கு வந்தவர்கள் 12 பேர். சிற்றுண்டிக்கு வந்தவர்கள் 57 பேர். இந்த இரண்டு எண்களுக்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்கிறேன். மன்னாரைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் பெரிய வெள்ளியன்று ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி இருந்துகொண்டே ஆறு டசின் சிலுவைப் பணிஸ் சுட்டிருந்தார். கறுவாவும் முந்திரிகை வற்றலும் போட்டு, மேலே மாவால் சிலுவை இழுத்தது. வெங்காயத் தோலோடு அவித்துச் செம்மண் நிறம் ஏற்றிய முட்டைகளும் இருந்தன. நடந்து முடித்துச் சேற்றுச் சப்பாத்தோடு நாங்கள் வந்து சேர்ந்தபோது பணிஸ் மூன்று எஞ்சியிருந்தது. ஒன்றைத் தலைவர் எடுத்தார்.

அன்று பிள்ளைகளுக்கான சொக்லேட் முட்டை தேடும் விளையாட்டைக் காட்டுக்குள் வைக்கலாம் என்று பெற்றோர் சிலர் வற்புறுத்தினார்கள். நான் மறுத்தேன். காட்டு விலங்குக்குச் சொக்லேட் நஞ்சு. பாதையை விட்டு இறங்கினால் முளைகள் மிதிபடும். புல்லில் உண்ணியும் உண்டு. புல்வெளியில் மட்டும் 48 முட்டைகள் என்று தீர்மானமானது. கிடைத்தவை 44. யாரோ ஓர் ஆர்வலர் மிகுதி நான்கையும் மரங்களின் பக்கமாகக் கொண்டுபோய் வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் கார்களில் ஏறிய பின் நான் தனியாகத் தேடினேன். மூன்று கிடைத்தன. நான்காவதைத் தேடிக் குனிந்த இடத்தில், சருகை விலக்கிக்கொண்டு, ஒற்றை இலையால் குளிருக்குப் போர்த்திக்கொண்டதைப் போல ஒரு வெள்ளை மொட்டு நின்றது. குருதிவேர் (Bloodroot). வேரை ஒடித்தால் செம்மஞ்சளாகச் சாறு வடியும், நான் ஒடிக்கவில்லை. குறிப்பேட்டில் அந்த நாளின் முதல் வரி அதுதான். சாட்சிக்கு ஒருவரும் இல்லை. நான்காவது முட்டை இன்றுவரை கிடைக்கவில்லை.

மே 10ஆம் திகதி, ட்ரில்லியம் என்ற காட்டுப் பூவைப் பார்க்கும் நடைக்கு ஏழு பேர் வந்தோம். அன்னையர் தினத்துக்கு முதல்நாள் என்று அறிந்தே வைத்தேன். அம்மாக்களை அழைத்து வாருங்கள் என்பதுதான் நோக்கம். மூன்று இலை, அதன்மேல் மூன்று வெள்ளை இதழ், சரிவு முழுவதும். 1937இலிருந்து நம் ஒன்ராறியோ மாகாணத்தின் பூ இது. அன்றுதான் அந்தச் சம்பவம் நடந்தது. தலைவரிடம் எழுத்தில் முறைப்பாடு போயிருப்பதால் இங்கே பதிலளிக்கிறேன். உறுப்பினர் ஒருவர் தம் பிள்ளைக்காக ஒரு பூவை இலைகளோடு சேர்த்துப் பறித்தார். நான் சத்தமிட்டேன். பிள்ளை முன்னால் சத்தமிட்டேன் என்பதும் உண்மை. ட்ரில்லியம் பறித்தால் மாகாணச் சட்டப்படி சிறை என்று நம்மிடையே உலவும் கதை சரியல்ல. அன்று அப்படிச் சொன்னது என் பிழை. ஆனால் தேசியப் பூங்காவுக்குள் எதையும் பறிக்கக்கூடாது என்பது சரி. அந்த மூன்று இலைகள்தாம் கிழங்குக்குச் சோறு போடுபவை. விதையிலிருந்து முதற்பூ வர ஏழு ஆண்டுகளாவது ஆகும். கழகம் தொடங்கி ஆறு ஆண்டுகள்தான். பிள்ளை அழவில்லை, தாயார்தான் அழுதார். அதற்காக வருந்துகிறேன். சொன்னதற்காக அல்ல.

இப்பூக்களுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இலையில் மீனுக்குள்ளது போன்ற புள்ளிகள் இருப்பதால் ஒன்றுக்கு மீன்புள்ளி அல்லி என்று முடிவானது. ட்ரில்லியத்துக்கு வில்வப்பூ என்று ஒரு தரப்பும் மூவிலை என்று ஒரு தரப்பும் நிற்கின்றன. குறிஞ்சிப்பாட்டு என்ற ஒரே பாடலில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிய மொழியில் நாம் இதுவரை ஐந்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவுக்கும் செலவுக்கும் இடையில் பெரிய பகை இல்லை. கைவசம் கொஞ்சம் உண்டு. பஸ் கட்டணம், மண்டப வாடகை, முதலுதவிப் பெட்டி, மாவும் சீனியும் ஆகியவை முக்கிய செலவுகள். குடும்பத்துக்கு 20 டொலர் சந்தா. பதிவேட்டில் உள்ள 62 குடும்பங்களில் 38 குடும்பங்கள் செலுத்தியுள்ளன. "பூங்கா இலவசம்தானே, நடப்பதற்கு எதற்குக் காசு?" என்று கேட்ட அன்பருக்கு: பணிஸ் பூங்காவில் விளைவதில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், பணிஸ் சுட்ட சகோதரிக்கும், மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்தவர்களுக்கும், புகைப்படம் எடுத்துத் தருவதாகச் சொன்னவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். 2026இல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5ஆம் திகதியே வருகிறது. அது பூரணையைப் பார்த்து வரும். பூக்கள் மண்ணின் சூட்டைப் பார்த்து வரும். ஆகவே அன்று காட்டில் சேற்றைத் தவிர அதிகம் இராது. சிற்றுண்டியை மட்டும் அன்று வைத்து நடையை விட்டுவிடலாம் என்ற ஆலோசனை என் காதுக்கும் எட்டியது. என் ஆலோசனை வேறு: பணிஸை நடையின் முடிவில் கொடுப்போம், பாதையின் மறுமுனையில். சேற்றைச் சுற்றிப் போகாமல் சேற்றுக்குள்ளேயே நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதை அகன்று கரையோர முளைகள் மிதிபடும். பழைய சப்பாத்தும் நீண்ட காலுறையும் போட்டு வாருங்கள்.

ட்ரில்லியம் நடை மே 9, சனிக்கிழமை. முறைப்பாடு எழுதிய குடும்பத்துக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. செயலாளர் பதவிக்கு வேறு எவராவது முன்வந்தால் விலகத் தயார். பூக்குறிப்பேட்டையும் அப்படியே கையளிப்பேன். ஏப்ரல் பக்கங்கள் இரண்டு மழையில் நனைந்து ஒட்டியிருக்கின்றன, பிரிக்கும்போது கவனம்.

இங்ஙனம்,
செயலாளர்