இளைஞர் அணி ஆண்டறிக்கை 2024–25: எந்த மலை, எந்தத் தரம்?

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கைப்பந்துப் போட்டியும் ரத்த தான முகாமும் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மூன்று கூட்டம் போட்டும் முடியாமல் இழுத்தது இளைஞர் அணியின் மலைப்பயணம்தான். அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி குரங்கணி. மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட 2018 மார்ச் 11 காட்டுத்தீயைத் திண்டுக்கல், தேனிப் பக்கம் யாரும் மறக்கவில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தக் காட்டிலும் கால் வைக்க மாட்டோம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தோம். 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து அறிவித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அவை பெரும்பாலும் காலையில் ஏறி அன்றைக்கே இறங்குபவை. பிள்ளைகள் கேட்டதோ, கூடாரத்தையும் அரிசி பருப்பையும் முதுகில் சுமந்துபோய் இரண்டு இரவு தங்குவது. அதுவும் இமயமலையில்.

அணியில் 16 முதல் 21 வயது வரை 14 பேர். அவர்களில் மூத்தவர்கள் உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா சிகரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 3,800 மீட்டர். பயண ஏஜென்சிகள் அதை 'எளிது–நடுத்தரம்' என்று போடுகின்றன. அந்த 'எளிது'தான் எல்லாச் சண்டைக்கும் காரணம். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். இங்கே எளிது என்றால் காற்று மெலிவதை யாரும் நினைக்க வேண்டியதில்லை. அங்கே 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், மெலிந்த காற்றுக்கு உடல் பழக வேண்டும் என்பதால், இரவு தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது.

கிலோமீட்டரை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. 10 கி.மீ. நடையில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால் மூன்றரை மணி நேரம். அது பழகிய காலுக்கு.

சரி, பேசி ஆகப்போவதில்லை என்று ஒரு ஞாயிறு விடியலில் எல்லாரையும் சிறுமலைச் சாலையில் சுமையோடு ஏறவிட்டோம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமை, அதாவது 50 கிலோ பிள்ளைக்கு 10 கிலோ என்று சொல்லியிருந்தோம். அணியிலேயே பலசாலி 16 கிலோவோடு வந்தார். உள்ளே இரும்பு தோசைக்கல்! பழனிப் படியை ஓடியே ஏறுகிறவர், ஏழாவது கொண்டை ஊசி வளைவில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வளைவையும் முடித்துக் கடைசியாக வந்தவருக்கு நெய்ஸ்மித் கணக்கைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் ஆனது. எந்தத் தர மலைக்குப் போவது என்பதைக் கடைசியாக வந்தவரின் நேரத்தை வைத்தே முடிவு செய்வது என்று செயற்குழு தீர்மானித்தது. அதனால் கேதார்காந்தா இந்த ஆண்டு இல்லை என்றானது. மூத்தவர்களுக்கு வருத்தம்தான்.

டிசம்பர் விடுமுறையில் அதே உத்தராகண்டில் இருக்கும் நாக் திப்பா சிகரத்துக்குப் போனோம். 3,022 மீட்டர், எளிய தரம். 13 பேர் உச்சியைத் தொட்டார்கள். ஒருவர் காலில் கொப்புளம் வந்து, ஒரு பொறுப்பாளர் துணையோடு முகாமிலேயே தங்கினார். புது ஷூ. சிறுமலைக்கே அதைப் போட்டுவரச் சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறு.

அடுத்த ஆண்டுக்குக் கேதார்காந்தா தீர்மானம் மறுபடியும் உங்கள் முன் வருகிறது. கூடுதலாக ஓர் இரவு சேர்த்தால் என் ஓட்டு ஆதரவாக. அப்புறம், வாடகைக்கு எடுத்த ரக்சாக் முதுகுப்பைகளில் இரண்டு இன்னும் என் கைக்கு வரவில்லை. வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

செயலாளர்