ரிசப்ஷனில் சொல்லு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

தங்கியிருக்கும் புறநகர் ஹோட்டலில் ஏசி ராத்திரி முழுக்க உறுமுகிறது, தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு தூங்குகிறேன் என்று நேற்று ஃபோனில் சொன்னாய். ரிசப்ஷனில் சொன்னாயா என்று கேட்டால், "பரவாயில்லைம்மா, எதுக்கு அவங்களைத் தொந்தரவு பண்ணணும்" என்கிறாய். அப்போதே நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், உனக்கு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். உன் கம்பெனி இன்னும் பல வாரம் உன்னை அங்கேதான் தங்கவைக்கப் போகிறது. ஒரு ராத்திரி என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். வாரக்கணக்கில் அப்படி இருந்தால் உடம்பு கெட்டுப்போகும்.

நீ அந்த மாதிரி ஹோட்டலுக்குள் முன்வாசல் வழியாகப் போகிறவள். நான் லாண்டரிப் பக்கக் கதவு வழியாகப் போய்வந்தவள். ஹவுஸ்கீப்பிங்கில் அறை துடைப்பவளாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அங்கே என்ன வேலை பார்த்தோம் என்று நீ கேட்டதும் இல்லை, வீட்டுக்கு வந்து அதைப் பேச எனக்குத் தெம்பு இருந்ததும் இல்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். வாசலில் எரிகிற பெயர்ப்பலகையின் கம்பெனிதான் அந்த ஹோட்டலின் முதலாளி என்று பெரும்பாலும் நினைக்கக்கூடாது. கட்டிடம் ஒருவருடையது, நடத்துவது இன்னொருவர், பெயரும் புக்கிங் வசதியும் விதிப் புத்தகமும் மட்டும்தான் பெரிய கம்பெனியிடமிருந்து வரும். இதை இந்த அளவுக்குப் பரப்பியவர் கெம்மன்ஸ் வில்சன் என்ற அமெரிக்கர். 1951இல் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டனுக்குச் சுற்றுலா போனார். வழியில் தங்கிய இடமெல்லாம் அழுக்கும் நெருக்கடியும். பிள்ளைக்கு இவ்வளவு என்று தனியாக வேறு காசு கேட்டார்கள். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. மறு வருஷமே மெம்ஃபிஸ் நகரின் ஓரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, ஹாலிடே இன் என்று ஒன்றைத் திறந்தார். பெற்றோரோடு தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. அறையில் ஏசி, டிவி, டெலிஃபோன், வெளியே நீச்சல் குளம். பிறகு அந்தப் பெயரையும் முறையையும் மற்றவர்களுக்கு உரிமம் கொடுத்துப் பரப்பினார். எந்த ஊரில் இறங்கினாலும் அதே கட்டில், அதே சோப்பு. எதிர்பாராதது எதுவும் நடக்காது என்பதைத்தான் எழுபதுகளில் விளம்பர வாசகமாகவே போட்டார்கள்.

ஹோட்டல்காரர்கள் புறநகருக்கு ஏன் போனார்கள் என்று யோசித்தாயா? நிலம் மலிவு, கார் நிறுத்த இடம் உண்டு, விமான நிலையமும் ஆபீஸ் வளாகங்களும் பக்கத்தில். பிரான்சில் 1967இல் நோவோடெல் என்ற ஹோட்டல் தொடங்கியதும் லில் நகரத்துக்குள்ளே இல்லை, வெளியே விமான நிலையத்துப் பக்கம்தான். மேரியட் கம்பெனி 1983இல் கோர்ட்யார்ட் என்ற ஹோட்டலைத் திறப்பதற்கு முன்னால், வேலை நிமித்தம் பயணம் போகிறவர்களிடம் உட்கார்ந்து கேட்டார்களாம்: உங்களுக்கு எது வேண்டும், எதற்குக் காசு கொடுப்பீர்கள், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று. உன் அறையில் மேஜை பெரிதாகவும் லாபி சின்னதாகவும் இருக்கிறதல்லவா? அதெல்லாம் யாரோ கணக்குப் போட்டு வைத்தது. உன்னைப் போன்ற ஆளை மனதில் வைத்துத்தான் போட்டார்கள்.

சரி, இப்போது ஏசி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜன்னலுக்குக் கீழே நீளப் பெட்டி மாதிரி இருக்கிறது என்றாய். அந்த வகையில் கம்ப்ரஸரும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும், சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் உறுமக்கூடாது. உறுமினால் முதலில் ஃபில்டரைத்தான் பார்க்கவேண்டும். தூசி அடைத்து, காற்று போக வழியில்லாமல் ஃபேன் திணறும். மெயின்டனன்ஸ் ஆள் வந்து முன்மூடியைக் கழற்றி, ஃபில்டரை உருவிக் குழாயில் கழுவிப் போட்டால் முடிந்தது, பத்து நிமிஷ வேலை. அவர் வரும்வரைக்கும் ஒரு வழி உண்டு. ஃபேன் பட்டன் 'ஆட்டோ'வில் இருந்தால் 'ஆன்' என்று மாற்று. ஆட்டோவில் கம்ப்ரஸரோடு சேர்ந்து ஃபேனும் நின்று நின்று ஓடும், அந்த நிற்பதும் கிளம்புவதும்தான் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரே மாதிரி ஓடுகிற சத்தத்துக்குக் காது பழகிவிடும். அதற்கும் அடங்கவில்லையென்றால் அறையை மாற்றிக் கேள்.

கேட்பதற்கு நேரம் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் செக்-இன் கூட்டம் வரிசையில் நிற்கும்போது போய் நின்றால் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காலை அவசரம் ஓய்ந்தபிறகு போ. யார் காலி செய்தார்கள், எந்த அறை இன்று சும்மா இருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரியும். உன்னுடையது ஆபீஸ்காரர்களை நம்பி நடக்கிற ஹோட்டல், செவ்வாயும் புதனும் நிரம்பி வழியும், வெள்ளிக்கிழமை பாதி அறை காலியாகிவிடும். அதனால் வெள்ளிக்கிழமை காலை போய், "நான் இன்னும் பல வாரம் இருக்கப்போகிறேன், அமைதியான அறையாக ஒன்று பார்த்துக் கொடுக்க முடியுமா" என்று கேட்டுப் பார். நீண்ட நாள் தங்குகிறவளை இழக்க எந்த மேனேஜரும் விரும்பமாட்டார். அமைதி என்றால் என்ன என்பதையும் நீயே சொல்லிவிடு: லிஃப்ட் பக்கம் வேண்டாம், ஐஸ் மிஷின் பக்கம் வேண்டாம், நெடுஞ்சாலையைப் பார்த்த அறை வேண்டாம், தலைக்கு மேல் ஆள் நடக்காத மேல்மாடியாக இருந்தால் நல்லது. முக்கியமாக, பக்கத்து அறைக்குப் போகிற உள்கதவு இருக்கக்கூடாது. அந்தக் கதவு இருந்தால் அடுத்தவன் இருமுவது கூட உன் கட்டிலில் கேட்கும்.

இப்படிக் கேட்பதைத் தொந்தரவு என்று நினைக்காதே. எங்களுக்கு நிஜமான தொந்தரவு யார் தெரியுமா? வாயே திறக்காமல் இருந்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சுடுதண்ணீர் ஒரு நாள் கூட ஒழுங்காக வரவில்லை" என்று சொல்கிற ஆள். அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்ய முடியும்? பில்லில் குறைத்துக் கொடுப்பார்கள், அவரும் கோபத்தோடுதான் போவார், குழாய் அப்படியேதான் இருக்கும். அடுத்து வருகிறவருக்கும் அதே பச்சைத் தண்ணீர். ஹாம்ப்டன் இன் ஹோட்டல்கள் 1989இல் ஒன்று செய்தன. திருப்தி இல்லையென்றால் அந்த இரவுக்குப் பணமே வேண்டாம் என்று விருந்தாளிகளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். பெருந்தன்மை மாதிரித் தெரியும். உள்ளே வேலை செய்தவளுக்கு அதன் சூட்சுமம் புரியும். அப்படி ஒரு வாக்கு இருந்தால்தான் ஜனங்கள் வாயைத் திறந்து குறையைச் சொல்வார்கள், சொன்னால்தான் எந்த அறையில் என்ன கோளாறு என்று நிர்வாகத்துக்குத் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று உன் பாட்டி சும்மாவா சொன்னாள்.

எப்படிச் சொல்வது என்பதும் உண்டு. "சர்வீஸே சரியில்லை" என்றால் கேட்கிறவள் மன்னிப்பு மட்டும்தான் கேட்க முடியும். "ராத்திரி ஏசி ஓடும்போது உறுமுகிறது, நிறுத்தினால் நிற்கிறது, நான் ஆறரைக்குத்தான் வருவேன், அதற்குள் ஆளை அனுப்புங்கள்" என்று சொன்னால் அது வேலைச் சீட்டாக எழுதப்பட்டு ஒருவர் கைக்குப் போகும். பெயரைக் கேட்டு வைத்துக்கொள். மறுநாள் அதே பெயரைச் சொல்லி விசாரி.

அறை துடைக்க வருகிறவளைப் பற்றியும் எழுதவேண்டும், அது என் கட்சி. ஒரு ஷிஃப்டில் பதினான்கு, பதினாறு அறை கூட விழும், ஒரு அறைக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். உறையை உருவி, புது விரிப்பை உதறி, மூலையைச் சாய்த்து மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். அந்த மடிப்பில் உள்ளங்கையை வைத்து ஒரு இழுப்பு இழுப்போம், சுருக்கம் ஓடிப்போகும். கண்ணாடியை நேராகப் பார்த்துத் துடைத்தால் கறை தெரியாது, பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்க்கவேண்டும். குளியலறைத் தரையில் ஒரு முடி கிடந்தால் அறை முழுவதும் அழுக்கு என்று விருந்தாளி முடிவு கட்டிவிடுவார், அதனால் வெளியேறும்போது கடைசியாகக் குனிந்து பார்ப்பது தரையைத்தான். ஒரு நாளைக்கு அத்தனை மெத்தையைத் தூக்கினால் தோள் என்ன ஆகும் என்று என் வலது தோளைக் கேள்.

ஆகவே நீ செய்யவேண்டியது கொஞ்சம்தான். மாற்றவேண்டிய துண்டுகளைக் குளியலறையில் ஒரே இடத்தில் போடு. மற்றதைக் கம்பியில் தொங்கவிடு, மறுபடி உபயோகிப்பாய் என்று அர்த்தம். ஆபீஸ் காகிதங்களைக் கட்டிலில் பரப்பிவைத்துவிட்டுப் போனால் அவள் விரிப்பை மாற்றமாட்டாள், அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது என்பது எங்களுக்கு விதி. கதவில் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை நாள்கணக்கில் மாட்டிவைக்காதே. பல ஹோட்டல்கள் இப்போது கேட்டால்தான் அறையைச் சுத்தம் செய்கின்றன, கொரோனாவுக்குப் பிறகு அப்படி ஆகிவிட்டது. உன் ஹோட்டலில் என்ன வழக்கம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டு வை. விரிப்பும் உறையும் துவைத்து வரும். கட்டிலின் கால்மாட்டில் அழகுக்குப் போட்டிருக்கும் நீளத் துணியும் அலங்காரத் தலையணையும் ஒவ்வொரு ஆளுக்கும் துவைக்கப்படுவதில்லை, அதை எடுத்து நாற்காலியில் போட்டுவிடு. அறை மாறினால் பெட்டியைத் திறப்பதற்கு முன் மெத்தையின் தையல் ஓரத்தைத் தலைமாட்டுப் பக்கம் தூக்கிப் பார். மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி, உடனே வெளியே வா, பக்கத்து அறையையும் வாங்காதே.

திரைச்சீலை நடுவில் வெளிச்சம் வந்தால் அலமாரியில் பேன்ட் மாட்டுகிற கிளிப் ஹேங்கர் இருக்கும், அதைப் போட்டுக் கவ்விவிடு. நாங்கள் யாருக்கும் சொல்லித் தராமலே எல்லோரும் செய்கிறார்கள், காலையில் அந்தக் கிளிப்பைக் கழற்றுவதே எங்களுக்கு ஒரு வேலை.

பணத்தில் கவனம். செக்-இன் சமயத்தில் உன் கார்டைத் தேய்த்து ஒரு தொகையை நிறுத்திவைத்திருப்பார்கள். அது செலவு இல்லை, பிடிப்பு. டெபிட் கார்டாக இருந்தால் உன் கணக்கில் அந்தப் பணம் இல்லாதது போலவே இருக்கும், நீ கிளம்பியபிறகும் திரும்பிவர சில நாள் ஆகும். கிரெடிட் கார்டாக மாற்றிக் கொடு. வாடகையைக் கம்பெனி கொடுத்தாலும் பல குழுமங்களில் தங்குகிற ஆளின் பெயருக்குத்தான், பிறகு தங்கும்போது கழித்துக்கொள்ளும் பாயின்ட் சேரும், உறுப்பினராகச் சேர்ந்துவிட்டாயா? கம்பெனி வெளி ஏஜென்சி மூலம் புக் செய்திருந்தால் அனேகமாகச் சேராது, உங்கள் டிராவல் டெஸ்க்கில் கேள். வாரத்துக்கு ஒருமுறை பில்லின் நகலை வாங்கிப் பார், கடைசி நாள் காலை அவசரத்தில் நாலு பக்கத்தை யாராலும் படிக்கமுடியாது.

ராத்திரி உன் அறைக்கு ஃபோன் வந்து, "ரிசப்ஷனிலிருந்து பேசுகிறோம், சிஸ்டம் போய்விட்டது, கார்டு நம்பரைத் திரும்பச் சொல்லுங்கள்" என்றால் வைத்துவிடு. வெளியிலிருந்து கூப்பிடுகிற திருட்டு அது. நீயே கீழே இறங்கிப் போய்க் கேள். கதவில் தானாகப் பூட்டுவது போதாது, உள்தாழையும் போடு. உன் கதவிலிருந்து அவசரப் படிக்கட்டு வரைக்கும் நடுவில் எத்தனை கதவு என்று ஒருமுறை எண்ணிக்கொள், புகை சூழ்ந்தால் கையால் தடவித்தான் போகவேண்டியிருக்கும்.

சாயங்காலம் அறையிலேயே அடைந்து கிடக்காதே என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த மாதிரி இடத்தில் வெளியே நடக்க நடைபாதையே இருக்காது, வரைபடத்தில் கூப்பிடு தூரம் மாதிரித் தெரியும் கடைக்கு ஆறு வரிசைச் சாலையைத் தாண்டவேண்டும், தனியாக முயற்சி செய்யாதே. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு லாபியிலாவது போய் உட்கார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நாலு முகம் பழகும், அறை கேட்கும்போது அது உதவும்.

வெள்ளிக்கிழமை அறை மாறினால் புது நம்பரை எனக்கு மெசேஜில் அனுப்பு. லாபியில் நின்றுகொண்டு ஃபோனில் சத்தமாகச் சொல்லாதே. ரிசப்ஷனிலேயே அதை வாயால் சொல்லாமல் சின்னக் கவரில் எழுதித்தான் கொடுப்பார்கள், பார்த்திருப்பாய். கதவைத் திறக்கும் சாவிக் கார்டிலும் நம்பர் இருக்காது. கவரையும் அந்தக் கார்டையும் ஒரே பையில் வைக்காதே.

அன்புடன்,
அம்மா