பந்தி முடியும்வரை நிற்க வேண்டிய புலி

திருப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. மஞ்சள் விலையைப் பற்றி அரைப் பக்கம் புலம்பியிருக்கிறாய். அதற்கு என்னிடம் மருந்தில்லை. தோப்பில் வெள்ளை ஈ அடங்கிவிட்டது என்று எழுதியிருந்ததுதான் மனதுக்கு இதமாக இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் வேர்வாடலில் தென்னைகளை வெட்டிச் சாய்க்கும் சேதி கேட்கும்போதெல்லாம் உன் தோப்புதான் நினைவுக்கு வரும். இங்கே எல்லோரும் நலம். மூத்தவளுக்குப் பெருந்துறையில் இது கடைசி வருடம். எனக்கு வழக்கம்போலப் பள்ளியில் ஓவிய வகுப்பு. விடுமுறை நாட்களில் மண்டபம் மண்டபமாகப் போய்ப் பிள்ளைகள் முகத்தில் பட்டாம்பூச்சியும் புலியும் வரைகிற வேலை.

அந்த வேலையைப் பற்றித்தான் நீ கேட்டிருக்கிறாய். பந்தல், மேடை அலங்காரத்தோடு பிள்ளைகளுக்கு முகவண்ணமும் சேர்த்துக்கொள்ளப் போகிறாய். நல்ல யோசனை. ஆனால், "வேர்த்தாலும் போகாத, தண்ணீர் பட்டாலும் அழியாத பெயிண்டின் பெயரை மட்டும் எழுது" என்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. பெயரை மட்டும் எழுதினால் நீ மறுநாளே வாங்கிவிடுவாய். அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

நீ கேட்கிற மாதிரிப் பெயிண்ட் இருக்கத்தான் செய்கிறது. ஆல்கஹாலில் கரைத்த வண்ணம் அது. படப்பிடிப்பில் காயத் தழும்பும் பச்சை குத்தியதுபோன்ற ஓவியமும் வரைய அதைப் பயன்படுத்துகிறார்கள். வேர்வைக்கும் மழைக்கும் அசையாமல் நாள்கணக்கில் நிற்கும். அதை எடுப்பதற்கு ஐசோபுரொபைல் ஆல்கஹாலோ அதற்கென்றே விற்கும் கரைப்பானோ வேண்டும். மூன்று வயதுக் குழந்தையின் கண்ணோரத்தில் அதை வைத்துத் தேய்க்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? குழந்தை முகத்துக்கு வேண்டிய வண்ணம் பந்தி முடியும்வரை நிற்க வேண்டும். இரவுக் குளியலில் போய்விட வேண்டும். அந்த நான்கைந்து மணி நேரத்தைக் கடையில் வாங்குகிற டப்பா பாதிதான் தரும். மீதி நம் கையில் இருக்கிறது.

கூத்துக்காரர்கள் முகம் விடிய விடிய நின்றதே என்று நீ கேட்பாய். நின்றது உண்மைதான். அரிதாரப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். எண்ணெய்ப் பூச்சு வேர்வையைத் தள்ளிவிடும். அந்தக் காலத்து அரிதாரம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம் என்பதை இன்றைக்கு நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது மேடை ஒப்பனைக்கு வருகிற எண்ணெய், மெழுகுப் பூச்சுகளில் அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் அவை பிள்ளைகளுக்கு ஒத்துவராது. துரியோதனன் வேடம் கட்டியவர் பவுடர் போட்டு இறுக்கியபின் முகத்தில் கைவைக்க மாட்டார். நம் பிள்ளைகள் மூக்கைத் துடைப்பார்கள், கண்ணைக் கசக்குவார்கள், அம்மாவின் பட்டுப்புடவையில் கன்னத்தைச் சாய்ப்பார்கள். எண்ணெய்ப் பூச்சு சூட்டில் இளகிப் புடவைக்குப் போனால் அன்றைக்கு உனக்குக் கூலி வராது, வசவுதான் வரும்.

ஆகவே தண்ணீரில் குழைக்கிற கட்டி வண்ணம்தான். பார்ப்பதற்குப் பள்ளிக்கூட வாட்டர்கலர் கட்டி மாதிரியே இருக்கும். அதில் இரண்டு சாதி உண்டு. கடைக்காரர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கிளிசரின் அதிகமுள்ளவை ஒரு சாதி. பெர்லினில் 1945இல் தொடங்கிய கிரையோலான் நிறுவனத்தின் அக்வாகலர், அமெரிக்க மெஹ்ரானின் பாரடைஸ் இரண்டும் இந்த வகை. மென்மையாகப் பரவும், வெடிக்காது, ஸ்பாஞ்சால் பெரிய பரப்பை நிரப்பச் சுகமாக இருக்கும். ஆனால் கிளிசரின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வேர்த்தால் மறுபடி இளகிவிடும். மெழுகு கூடியவை இன்னொரு சாதி: உல்ஃப், டைமண்ட் எஃப்எக்ஸ் போன்றவை. காய்ந்தபின் பளபளப்பில்லாமல் இறுகி நிற்கும், கைபட்டால் சட்டென்று ஒட்டிக்கொண்டு வராது, கோடு கூர்மையாக விழும். தடிமனாகப் பூசினால் மட்டும் சிரிக்கிற இடத்தில் வெடிக்கும்.

நம் பக்கத்துக்கு எது பொருந்தும் என்பது எந்த மாதம், எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. சித்திரையில் ஈரோட்டிலோ கரூரிலோ ஏசி இல்லாத மண்டபம் என்றால், வேர்வையில் கிளிசரின் வண்ணம் தாடைவரை இறங்கிவிடும். அங்கே மெழுகு வகை வேண்டும். ஆடியில் உடுமலை, பல்லடம் பக்கம் பள்ளி மைதானம் என்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தை உலர்த்தி எடுக்கும்; மெழுகு பொரிந்து உதிரும், கிளிசரின் தாக்குப்பிடிக்கும். நான் இரண்டையும் கலந்துதான் வைத்திருக்கிறேன். அடியில் பரப்புகிற மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் எல்லாம் கிளிசரின். மேலே கோடு போடுகிற கறுப்பும் வெள்ளையும் மெழுகு. கறுப்பும் வெள்ளையும்தான் சீக்கிரம் தீரும், அவற்றைப் பெரிய டப்பாவாக வாங்கு.

இனிக் கைவேலை. நம் ஊரில் விசேஷத்துக்குக் கிளம்பும் குழந்தைக்கு அப்பத்தா தலையில் எண்ணெய் வைத்து, மிச்சத்தைக் கன்னத்திலும் ஒரு தடவு தடவித்தான் அனுப்புவார்கள். அந்த எண்ணெய்மேல் எந்தச் சீமை வண்ணமும் ஒட்டாது. முதலில் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, அதன்பின் தொடு. துணிக்கு நான் எங்கேயும் போவதில்லை. திருப்பூரில் பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. சாயம் ஏறாத வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கி, துவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்துப் போகிறேன். பிள்ளைக்கு ஒரு துண்டு, துடைத்ததும் குப்பைக்கு. உனக்கும் ஒரு மூட்டை எடுத்து வைக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். வண்ணம் வழிவதற்கும் வெடிப்பதற்கும் பாதிக் காரணம் அதிகத் தண்ணீர்தான். ஸ்பாஞ்சை நனைத்துப் பிழி. இன்னொரு முறையும் பிழி. டப்பாவின் மேல் தேய்க்கும்போது நுரை கட்டினால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். ஸ்பாஞ்சை இழுக்காமல் ஒற்றி ஒற்றி மெல்லிசாக ஒரு பூச்சு. அது உலர்ந்தபின், தேவை என்றால் இன்னொரு மெல்லிய பூச்சு. பிரஷுக்கு மட்டும் ஃபவுண்டன் பேனா மைபோல ஓடுகிற பதம் வேண்டும். அடிப்பூச்சு உலரும் முன்னே கறுப்புக் கோடு இழுத்தால் புலி கழுவிய சிலேட்டாகிவிடும்.

எங்கே வரைகிறாய் என்பதும் முக்கியம். வாயைச் சுற்றி வரைந்தால் பாயசமும் ஐஸ்கிரீமும் கால் மணி நேரத்தில் தின்றுவிடும். மூக்குக்குக் கீழேயும் அதே கதி. நெற்றி, புருவத்துக்கு மேல், கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டு, கன்ன மேடு: கை அதிகம் போகாத இடங்கள் இவைதான். நான் முழு முகப் புலி வரைவதை விட்டுவிட்டேன். நெற்றியில் வரி, கன்ன மேட்டில் வரி, மூக்கு நுனியில் ஒரு கறுப்பு, அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்குப் புலிதான், நீடிப்பதும் இதுதான். காதணி விழா என்றால் காதுப் பக்கமே போகாதே. அன்று குத்திய காதில் வண்ணம் படக்கூடாது.

வரைந்து முடித்தபின் வண்ணம் நிற்பதற்காகச் சிலர் ஹேர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். முகத்துக்கென்று வருகிற ஃபிக்ஸிங் ஸ்ப்ரேயிலேயே பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும். வளர்ந்த பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ள, ஓரடி தள்ளி நின்று அடிக்கலாம். ஹேர் ஸ்ப்ரே தலைமுடிக்கு மட்டும்தான். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பஃபில் கொஞ்சம் பவுடர் தொட்டு மேலாக ஒற்றினால் போதும்.

எதை வாங்கவே கூடாது என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. காங்கயம் பக்கம் ஒரு விசேஷத்தில் வேறொரு குழு அக்ரிலிக் பெயிண்ட் வைத்து வரைந்துகொண்டிருந்தது. டப்பாவில் நச்சற்றது என்று எழுதியிருக்கிறதே என்றார்கள். காகிதத்துக்கும் துணிக்கும் செய்த பெயிண்டில் அப்படி எழுதியிருந்தால், அந்த வேலைக்குப் பயன்படுத்தினால் கெடுதல் இல்லை என்றுதான் அர்த்தம். மணிக்கணக்கில் குழந்தையின் தோலில் கிடக்கலாம் என்று அர்த்தமில்லை. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். அன்றைக்கு ஒரு சின்ன அம்மிணியின் கன்னத்திலிருந்து அதை உரித்தபோது பூனைமயிரும் சேர்ந்து வந்தது. கன்னம் சிவந்து, பிள்ளை அலறியது. போஸ்டர் கலரும் இதே கணக்குத்தான். கறுப்பு மருதாணி என்று விற்கும் கோனை மண்டப வாசலுக்கே விடாதே. பிபிடி என்கிற தலைச்சாய ரசாயனத்தைக் கலப்பதால்தான் அது அவ்வளவு கறுப்பு, கொப்புளம் கிளப்பித் தழும்பாக்கிவிடும். ஜிகினாவும் அப்படித்தான்: கைவினைக் கடையில் விற்பது ஓரம் கூரானது, கண்ணுக்குள் போனால் கருவிழியின் முன்படலத்தைக் கீறும். அழகுசாதனத்துக்கென்று வருகிற நுண்ணிய ஜிகினா வாங்கு, அதையும் கண்ணோரத்தில் வைக்காதே. புற ஊதா விளக்கில் மின்னும் ஒளிர் வண்ணங்களில் எதையும் கண்ணருகே பூச அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதிப்பதில்லை.

வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் பார். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் எல்லாம் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் பதிவுச் சான்று எண். நம் நாட்டு விதி அழகுசாதன வண்ணங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் ஆர்சனிக்கை 2 பங்குக்கும் மேல் விடுவதில்லை. எண்ணே இல்லாத டப்பாவை யாரிடம் போய் அளப்பாய்? அமெரிக்காவிலேயே 2009இல் ஒரு நுகர்வோர் இயக்கம் குழந்தைகளுக்கான 10 முகவண்ணங்களைச் சோதித்தது; பத்திலும் ஈயம் இருந்தது, கொஞ்சமோ நஞ்சமோ. அதே ஆண்டு ஒரு விழாவில் பிள்ளைகளுக்குத் தடிப்பும் எரிச்சலும் வந்து சில வண்ணங்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். சோதித்துப் பார்த்தால் அவற்றில் கிருமி மண்டிக் கிடந்தது. அதனால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு டப்பாவை மூடாதே. திறந்து வைத்து, மேற்பரப்பு காய்ந்தபின் மூடு. ஸ்பாஞ்சு பிள்ளைக்கு ஒன்று. பெரிய ஸ்பாஞ்சை நாலாக வெட்டினால் செலவு தெரியாது.

மெட்ராஸ் ஐ சீசனில் கண் சிவந்த பிள்ளை வரிசையில் வந்தால் தயங்காமல் மறுத்துவிடு. அக்கி, சிரங்கு, அம்மை ஆறாத வடு, உதட்டுப் புண் எல்லாம் அப்படியே. மாமன் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை, கையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பு. மூன்று வயதுக்குக் கீழே நான் முகத்தில் வரைவதே இல்லை. தோல் தடிப்பு உள்ள பிள்ளை என்றால் முதல் நாளே முழங்கை உள்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

கழுவுவதைப் பெற்றோரிடம் நீயே சொல்லியனுப்ப வேண்டும். ஈர டிஷ்யூவை வைத்துத் தேய்த்தால் வண்ணம் பரவித் தோல்தான் சிவக்கும். குழந்தை ஷாம்பூவைக் கையில் நுரைத்து, முகத்தில் ஒரு நிமிடம் விட்டு, தண்ணீரால் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். நீலமும் பச்சையும் ஒரு சாயலை விட்டுப்போகும். அதற்கு நம் காங்கயம் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு, பிறகு மறுபடி நுரை. எண்ணெய் வேண்டிய இடம் இதுதான் என்று அப்பத்தாக்களிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.

தொழில் கணக்கு ஒன்றே ஒன்று: தலைக்கு இவ்வளவு என்று பேசாதே, மணிக்கு இவ்வளவு என்று பேசு. ஒரு பிள்ளைக்கு நாலைந்து நிமிடம் ஆகும். தலைக்கணக்கு என்றால் பந்திக்கு ஓடுகிற அவசரத்தில் ஈரத்தின்மேல் கோடு இழுக்கத்தான் கை போகும். ஆறு படம் மட்டும் அட்டையில் ஒட்டி வை. அலைபேசியில் தேடிக் காட்டினால் பிள்ளைகள் சிங்கம், டிராகன், மயில் என்று முடிவே எடுக்க மாட்டார்கள்.

மார்கழியில் பாரியூர் குண்டம் திருவிழாவுக்கு வருகிறேன். அப்போது என் பெட்டியையும் கொண்டுவருகிறேன்; உன் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு வகையையும் பூசிப் பார்த்துவிட்டு அதன்பின் எதை வாங்குவது என்று முடிவு செய்யலாம். அதுவரை எதற்கும் முன்பணம் கொடுத்துவிடாதே. உன் பேத்திதான் முதல் முகம். தங்கச்சியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

கவுந்தப்பாடிப் பக்கம் போனால் நாட்டுச்சர்க்கரை பத்து கிலோ வாங்கி வை, பணம் நேரில் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சு மாப்பிள்ளை